ஆழ்கிணற்றுக்குக் குழாய் வகுத்தவள்

அலுவலகத்தில் அவளுக்குக் குழாயம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அது அவள் காதுக்கு எட்டியிருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை, செய்கிற வேலையே அதுதான். பூமிக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போடுகிற நிறுவனம் அது. அந்தத் துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய்களை வகுத்துக் கொடுப்பவள் அவள். எந்த ஆழம்வரை எந்தக் குழாய், எவ்வளவு அகலம், சுவர் எவ்வளவு தடிமன், எங்கே நிறுத்திச் சுற்றிலும் சிமென்ட் போடுவது, எல்லாம் அவள் கையெழுத்தோடுதான் வெளியே போகும்.

அவளுடைய தம்பியின் மனைவிக்கு இது வெகுநாள் பிடிபடவேயில்லை. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஓட்டை போட்டாச்சு, அடியில இருக்கறது மேல வரப்போகுது. நடுவுல எதுக்கு அண்ணி இத்தனை குழாய்?"

குழாயம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த மாதிரி யாராவது கேட்டு வருஷமாயிற்று. பூமி ஒரே பாறை இல்லை என்று ஆரம்பித்தாள். மேலே நிற்க மாட்டாமல் சரிகிற மணல். அதற்குக் கீழே ஈரம் பட்டால் உப்பிக்கொள்கிற களி. அதற்கும் கீழே எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கிற வாயு. பிறகு எதை ஊற்றினாலும் குடித்துவிடுகிற வெடிப்புப் பாறை. துளை இடிந்துவிடாமல் இருக்க உள்ளே கனமான சேற்றை நிரப்பித்தான் தோண்டுவார்கள். வாயுவை அழுத்திப் பிடிக்கிற அளவுக்குச் சேறு கனமாக இருந்தால் மேலே உள்ள பாறை தாங்காமல் விரிந்துவிடும். மேல் பாறைக்கு ஏற்ற மாதிரி இலேசாக இருந்தால் வாயு பீறிட்டுக்கொண்டு வரும். இரண்டு பேரையும் ஒரே சேற்றால் சமாளிக்க முடியாது. அதனால் மேலே உள்ளதைக் குழாயும் சிமென்ட்டும் போட்டு அடைத்துவிட்டு, அந்தக் குழாய்க்குள் நுழைகிற சின்னத் துளைப்பானை விட்டுக் கீழே போவார்கள். அடுத்த குழாய் அதற்குள்ளே, அதற்கடுத்தது அதற்கும் உள்ளே. ஆழம் போகப்போகத் துளை ஒடுங்கிக்கொண்டே வரும். பயந்து பயந்து குழாய்களைக் கூட்டிக்கொண்டே போனால் அடியில் போய்ச் சேரும்போது விரல் நுழைய இடம் இருக்காது. தைரியமாகக் குறைத்தாலோ, பாறை நடுவழியில் பிடித்துக்கொள்ளும்.

"அப்ப எங்க பயப்படணும், எங்க பயப்படக் கூடாதுன்னு பாக்கறதுதான் உங்க வேலை" என்றாள் தம்பி மனைவி, கத்தியை நிறுத்தாமல்.

குழாயம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. மேற்கொண்டு இரும்பின் வகைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது அடுப்பில் ஏதோ பொங்கிவிட்டது.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு அவளுக்கு. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, கடைசிவரை அவளோடுதான் இருந்தார். நுரையீரல் கெட்டுப்போய்ப் பல வருஷம் படுக்கையும் ஜன்னலுமாகவே கழிந்தது அவருக்கு. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்காமல் இல்லை. முதலில் படிப்பு முடியட்டும் என்றார்கள், பிறகு வேலை நிலைக்கட்டும் என்றார்கள், அப்புறம் அப்பா படுத்துவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தபோது, வரன் கொண்டுவந்து கொண்டிருந்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வரன் தேட ஆரம்பித்திருந்தார்கள். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

மாலையில் அவள் வீடு திரும்பியதும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன பாறை?" என்பதுதான். அவள் கைகால் கழுவிக்கொண்டே, சமைத்துக்கொண்டே, அன்றைய கணக்குகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்பா போன பிறகும் வாய் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மண் அழுத்தம் இவ்வளவு, சேற்றின் எடை இவ்வளவு, அப்போது குழாய் எங்கே நிற்க வேண்டும் என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் படிக்கட்டில் கீழ்வீட்டு அம்மாள் வழிமறித்தாள்.

"யாரோ வந்திருக்காங்க போல. பேச்சுச் சத்தம் கேக்குதே."

தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஆமாங்க, சொந்தக்காரங்க" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அதன்பிறகு கீழ்வீட்டு அம்மாளுக்கு அந்தச் சொந்தக்காரர்மேல் அக்கறை பிறந்துவிட்டது. சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, எத்தனை நாள் இருப்பார்கள், ஒரு நாள் கீழே கூட்டிக்கொண்டு வரக் கூடாதா என்று விசாரணை. இல்லாத ஆளுக்கு இவள் முழங்கால் வலியும் கூச்ச சுபாவமும் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள் என்று சொல்லி முடித்தாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்களே என்று கீழ்வீட்டு அம்மாளுக்கு வருத்தம். மாடி ஏறுகிறவரை இவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய், அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தபோது அது நின்றுவிட்டது. அன்றிலிருந்து கணக்கை மனசுக்குள்ளேயே போட்டாள். வீடு ஓசையில்லாமல் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவளுக்கென்று இருந்த பேச்சு காலையில் வரும் ஒரு போன்தான்.

துளையிடும் இடம் ஒரு நாள் பிரயாண தூரத்தில் இருந்தது. அங்கே ரிக் என்று சொல்லும் துளையிடும் எந்திர மேடை முழுவதற்கும் பொறுப்பாக ஒருவர் இருந்தார். காலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்த உடனே அவர் கூப்பிடுவார். பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்வது அவர் வழக்கம். அதனால் டிசைன் பிரிவில் அவருக்குக் கனைப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். செய்தி நல்லதா கெட்டதா என்பதை அந்தக் கனைப்பிலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். நேற்று எவ்வளவு இறங்கியது, சேறு திரும்பி வருகிறதா, அதோடு வருகிற கல்தூள் என்ன நிறம் என்பதெல்லாம் முடிந்த பிறகு ஒரு நிமிஷம் வேறு பேச்சும் உண்டு. அங்கே மழை, ரிக்கில் வந்து ஒட்டிக்கொண்ட நாய், சமையல்காரர் கை தவறிக் கொட்டிய உப்பு. "சரிங்க, வைக்கட்டுமா?" என்பார். ஆனால் அவள் வைக்கிறவரை வைக்க மாட்டார்.

இப்படி எத்தனையோ கிணறுகள். ஒரு தடவைகூட அவர்கள் நேரில் பார்த்ததில்லை. முதலில் அப்பாவை விட்டுவிட்டு அவளால் போக முடியவில்லை, பிறகு போகாமலே பழகிவிட்டது. அவருக்குத் தலைமை அலுவலகம் என்றாலே ஆகாது. அங்கே போனால் கழுத்துப் பட்டன் போட வேண்டியிருக்கிறது என்பார்.

பிறகு அந்த உப்புக் கிணறு வந்தது.

கீழே வெப்பமான பாறைக்குள் கொதிக்கும் நீர் இருந்தது. அதை மேலே கொண்டுவந்து பக்கத்து ஊருக்கு மின்சாரம் எடுப்பதாகத் திட்டம். நீருக்கு மேலே, ஒரு குன்றைப் படுக்க வைத்த மாதிரி, உப்புப் படுகை கிடந்தது. அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு சூட்டில், உப்பு சும்மா இருப்பதில்லை. துளை போட்ட உடனே அதை மூடிவிட மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து வரும். அதற்குள் இறக்கும் குழாயை எந்நேரமும் இறுக்கிக்கொண்டிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கினால் தடிமனான குழாய் தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் சிமென்ட் விட்டுப்போனால் போதும், வட்டமான குழாய் முட்டை வடிவமாக நசுங்கி, அப்புறம் எதுவும் அதற்குள் இறங்காது.

அவள் வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டாள். உள் அகலம் குறையாமல் குழாயின் சுவரைத் தடிமனாக்கினால் அதன் வெளி அகலம் கூடும். அப்போது குழாய்க்கும் உப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். இடைவெளி வேண்டுமென்றால் குழாய் மெலிய வேண்டும், அல்லது துளையைத் தனியாக அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்துகிற நேரத்தில் உப்பு நகர்ந்துவிடுமோ என்று பயம். கடைசியில் தடிமனான குழாயும் குறுகிய இடைவெளியும் என்று முடிவு செய்தாள். யாரும் அவளை நெருக்கவில்லை. மேலாளர்கூட, வேண்டுமானால் அகலப்படுத்தலாமே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். இவள்தான் வேண்டாம் என்றாள்.

குழாய் இறக்கிய அன்று காலையில் போன் வந்தது. கனைப்பு வழக்கத்தைவிட நீண்டது.

"மேடம், உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க."

"மாட்டிக்கிச்சுங்க."

உப்பின் அடிமட்டத்துக்குச் சற்று மேலேயே குழாய் நின்றுவிட்டது. கீழே போகவில்லை. மேலே இழுத்தால் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். இனி இரண்டே வழி இருந்தது. முழு பலத்தையும் கொடுத்து இழுத்து வெளியே எடுத்து, துளையை அகலப்படுத்தி, மறுபடி இறக்கலாம். இழுக்கும்போது பாதி வழியில் அறுந்தால் கிணறே போயிற்று. இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே சிமென்ட் போட்டுவிட்டு, மிச்ச உப்பை அதற்குள் போகிற குறுகிய குழாயால் மூடலாம். அப்படிச் செய்தால் கடைசித் துளை ஒடுங்கிப்போகும், மேலே வருகிற நீர் குறையும்.

நேரில் போய்ப் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்றார் மேலாளர். அவள் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவள் நினைப்பு பாதி குழாயிலும் பாதி அந்தக் குரலிலும் இருந்தது. தாழ்ந்த குரல் என்பதால் ஆள் உயரமாக இருப்பார் என்று ஏனோ எண்ணியிருந்தாள்.

மறுநாள் காலை போய் இறங்கிப் பார்த்தால், அவர் குள்ளமாக இருந்தார். கைகள் மட்டும் பெரியவை. ஒரு காதில் கேட்கும் கருவி மாட்டியிருந்தது. அவள் வணக்கம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்து, "பயணமெல்லாம் சௌகரியந்தானே" என்றார். எப்போதிலிருந்து குழாய் அசையவில்லை என்று அவள் கேட்டாள். அவர் அவள் உதட்டைக் கவனித்துவிட்டு, "வரும்ங்க, டீ இப்ப வந்துரும்" என்றார். பக்கத்தில் நின்ற கிரேன் ஓட்டுநர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. எத்தனையோ வருஷம் எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது போயிருந்தது. போனில் சத்தத்தைக் கூட்டிவைத்து, கேட்கிற காதோடு அழுத்திக்கொண்டு பேசியிருக்கிறார். இங்கே இந்த இரைச்சலில் அவளுடைய மெல்லிய குரல் அவரை எட்டவே இல்லை. அத்தனை காலம் பேசியவர்கள், எதிரெதிரே நின்று, வரைபடத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள்.

இழுக்கும் விசையைக் காட்டுகிற முள்ளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே அசைவுக்கு முன்னைவிட அதிக பலம் தேவைப்பட்டது. உப்பு பிடியை இறுக்கிக்கொண்டே வந்தது. தாமதிக்கத் தாமதிக்கச் சிமென்ட் ஏற இருக்கிற இடைவெளியும் போய்விடும். வேறு யோசனைக்கு இடமில்லை.

"இங்கயே சிமென்ட் போட்டுடுங்க" என்று கத்தினாள்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கத்தியதில்லை. ரிக் மேடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் கேட்டுவிட்டது. தலையை ஆட்டிவிட்டு ஆட்களை நோக்கிக் கையை உயர்த்தினார்.

சிமென்ட் உள்ளே போன பிறகு அது இறுகுகிறவரை காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கென்று இருந்த தகர அறையில் அவளை உட்கார வைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜைமேல் போன். பிற்பகல் வெயில் தகரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

முதலில் கனைப்பு. பிறகு, "இப்பதாங்க நீங்க பேசறது கேக்குது."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்த்த அறையின் ஜன்னலில் அவருடைய முதுகு தெரிந்தது.

"காலையிலேருந்து என்ன கேக்கறீங்கன்னு தெரியாமலே தலையாட்டிட்டு இருந்தேன். மன்னிச்சுக்கங்க."

"டீ வரும்னு சொன்னீங்க. வந்துதுங்க."

அவர் சிரித்தார். பிறகு குழாயைப் பற்றி அவள்தான் பேசினாள். இடைவெளி போதாது, துளையை அகலப்படுத்தியிருக்க வேண்டும், தன் கணிப்புத்தான் பிசகிவிட்டது என்றாள். உப்பு அப்படித்தான், யார் போட்டிருந்தாலும் கொஞ்சம் விளையாட்டுக் காட்டியிருக்கும் என்றார் அவர். அது ஆறுதலுக்குச் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்தது.

"டாக்டர் காதைப் பாத்துட்டாருங்க. இதுதான் எனக்குக் கடைசிக் கெணறு. மக வீட்டோட போயிடலாம்னு இருக்கேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சத்தம் போட்டுப் பேச ஆரம்பிச்சிருவீங்க. உங்க குரல் இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவர் மனைவி இறந்த வருஷத்தைப் பற்றிச் சொன்னார். அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள், கீழ்வீட்டு அம்மாளுக்காக ஒரு விருந்தாளியை உண்டாக்கியதையும் சொன்னாள். ஜன்னலில் அந்த முதுகு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்தாள். வெளியே வந்து நடந்தால் அந்த அறைக்குப் போய்விடலாம். ஆனால் எதிரே போய் நின்றால் பேச முடியாது. உங்களை வந்து பார்க்கலாமா என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக, ஊருக்குப் போனால் போன் பண்ணுவீர்களா என்று கேட்டாள். பண்ணுகிறேன் என்றார். வழக்கம்போல அவள் வைக்கிறவரை வைக்காமல் காத்திருந்தார்.

சிமென்ட் பிடித்துக்கொண்டது. அதற்குள்ளே குறுகிய குழாய் இறங்கி, மிச்ச உப்பை மூடி, துளை வெந்நீரைத் தொட்டது. நீர் வந்தது, எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. ஊரில் சில தெருக்களுக்கு மின்சாரம் கிடைத்தது. திறப்பு விழாவுக்குத் தயாரித்த பெரிய மேடையைச் சின்னதாக்கிக்கொண்டார்கள். அலுவலகக் கூட்டத்தில், இடைவெளியைக் குறைத்தது தன் முடிவுதான் என்று எழுந்து நின்று சொன்னாள். உப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். யாராவது இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சொன்ன மாதிரியே அவர் போன் பண்ணினார். கொஞ்ச மாதங்கள் நன்றாகத்தான் இருந்தது. மகள் வீட்டு மாடியில் செடி வைத்திருப்பதாகச் சொன்னார். வரவர "என்னங்க?" என்று கேட்பது கூடியது. அவள் குரலை உயர்த்த மாட்டாள், அதையே மறுபடி மெதுவாகச் சொல்வாள். பிறகு போன் வருவது நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் இவளே கூப்பிட்டாள். மகள் எடுத்தாள்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் போன்ல எதுவும் கேக்கறதில்லங்க ஆன்ட்டி. என்ன சொல்லணும்னு சொல்லுங்க, நான் எழுதிக் காட்டிடறேன்."

பின்னால், யாரும்மா என்று அவர் உரக்கக் கேட்பது கேட்டது. "உங்க குழாயம்மாப்பா" என்று மகள் கத்தினாள். கனைக்கிற சத்தம்.

மகள் கையால் எழுதிக் காட்டும்படி எதைச் சொல்ல முடியும்?

"கெணறு நல்லா ஓடுதுன்னு சொல்லும்மா."

புதிதாக வந்த ரிக் பொறுப்பாளர் போனில் பேசுகிறவர் இல்லை. காலையில் அறிக்கை கணினிக்கு வந்துவிடும். ஆழம், சேறு, கல்தூளின் நிறம், எதிலும் குறையில்லை. அவள் படித்துவிட்டு, பதில் அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாடுவரை யாரிடமும் வாய் திறக்காமல் இருந்த நாட்கள் வந்தன.

முதல் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இரண்டாவது கிணறு போடுவதென்று முடிவானபோது, மேலாளரிடம் போய்த் தன்னை அங்கேயே அனுப்பும்படி கேட்டாள். உப்பில் துளையை அகலப்படுத்தப் போகிறார்கள், பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னாள். அது பொய்யில்லை. தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இந்த வயசுல தகரக் கொட்டகையில போய்ப் படுக்கணுமாக்கா? இங்க ஒரு ரூம் சும்மாதானே இருக்கு. வந்து எங்களோட இரு."

"உன் வீட்ல டீவி சத்தம் ஜாஸ்திடா" என்று அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

ரிக்கில் முதல் வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எதைச் சொன்னாலும் கத்தத்தான் வேண்டியிருந்தது. சாப்பாட்டு அறையில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் மேஜை முழுவதும் பேச்சு அடங்கிவிடும். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவளால் பாதியில் நின்றிருக்கும். சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். பிறகு ஒரு நாள் கிரேன் ஓட்டுநர், அவள் இருப்பதைப் பொருட்படுத்தாமல், தன் மாமனார் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகிய கதையை ஆரம்பித்து முடிவுவரை சொன்னார். அவளும் சிரித்தாள். அதற்காக யாரும் அவளோடு வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. பேச்சு நிற்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

உப்பில் இந்தத் தடவை துளையை அகலமாகவே குடைந்தார்கள். உப்பு நகர்வதற்குள் முடித்தாக வேண்டும் என்று அவள் பகல் முழுவதும் மேடையிலேயே நின்றாள். தடிமனான குழாய், துண்டோடு துண்டு முடுக்கப்பட்டு, எங்கேயும் தட்டாமல், படுகையின் அடிவரை போய் நின்றது. ஆட்கள் கையுறைகளைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவளும் கடைசியாகப் போய் வரிசையில் நின்றாள். குழாய் இறங்கியதைப் பற்றி யாரும் பேசவில்லை. இறங்க வேண்டியது இறங்கியது, அதில் பேச என்ன இருக்கிறது?

ரிக்கில் எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். மேடையில் நிற்கும்போது அவள் அதைத் தவறாமல் போட்டுக்கொள்வாள். மற்றவர்களையும் விடாமல் போடச் சொல்வாள், கழற்றியிருந்தால் கத்துவாள். ஆனால் தன் அறைக்கு வந்து படுத்ததும் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவாள். தகரச் சுவர் அதிர, எஞ்சின்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.